கொள்ளுப்பாட்டியின் நான்கு குழந்தைகள்: குடும்ப நோயா, ஊர் நோயா?

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டி சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்ந்தவர். தாய்மாமனையே மணந்தவர். பெற்ற எட்டுப் பிள்ளைகளில் நான்கு, ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டன. என் மகள் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. "உங்கள் வம்சத்தில் ஏதோ நோய் இருக்கிறது" என்கிறார் சம்பந்தியம்மாள். மருமகன் அசல், உறவில்லை. இறப்புக்கான காரணத்துடன் பழைய சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? கொள்ளுத்தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் தருவதாகச் சொல்லும் காகிதத்தைச் சட்டப்படி யாரும் தர முடியாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டில் தேடிப் பார்த்து நகல் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆனால் அந்த நகலில் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே காரணம் எழுதிய சான்றிதழ் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணம் கிடைத்தாலும் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. அக்காலத்தில் பெரும்பாலான சாவுகளை மருத்துவர் பார்த்ததே இல்லை. வீட்டார் சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். பாதிப் பக்கம் "காய்ச்சல்", மீதிப் பக்கம் "இசிவு" (வலிப்பு) என்று இருக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதிய நான்கு வரிகள் அதைவிட எவ்வளவோ மேல். அவற்றை நிதானமாகப் படியுங்கள்.

1909: "நன்றாகப் பால் குடித்தது. ஆறாம் நாள் முதல் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் இசிவில் போயிற்று." பிறந்தவுடன் நன்றாகக் குடித்த பிள்ளை, சில நாளில் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் இசிவு கண்டால், அது பெரும்பாலும் தொப்புள்கொடி வழியே வந்த ரணஜன்னி (டெட்டனஸ்). கொடியை அறுத்த கத்தியிலோ, புண்ணில் வைத்த பொருளிலோ கிருமி இருந்திருக்கும். 1912: ஏழாம் மாதம், பேதி. செங்குன்றம் ஏரித் தண்ணீர் அப்போது திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டப்படாமலே குழாயில் போனது. மணல் வடிகட்டிகள் வந்தது 1914இல்தான். தாய்ப்பாலோடு பசும்பாலும் கஞ்சியும் கொடுக்கத் தொடங்கும் வயது அது. 1915: பத்தாம் மாதம், வைசூரி (பெரியம்மை). 1918 ஐப்பசி: மூன்றாம் மாதம், "ஊரெல்லாம் விஷக்காய்ச்சல்". உலகையே வாரிக்கொண்டு போன இன்ஃபுளூயன்சா சென்னையை உலுக்கிய மாதங்கள் அவை.

நான்கு சாவு, நான்கு வெவ்வேறு வயது, நான்கு வெவ்வேறு விதம். வம்ச நோய் பொதுவாக இப்படி வராது. அன்றைய சென்னையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 250க்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. நான்கில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், எட்டுப் பெற்ற 100 வீடுகளில் 11 வீடுகளில் நான்கோ அதற்கு மேலோ போயிருக்கும். கொள்ளுப்பாட்டிக்கு நேர்ந்தது அவர் தெருவில் பலருக்கும் நேர்ந்தது. அதைக் குற்றமாக்கி அவர் பேத்தியின் பேத்தி தலையில் சுமத்துவது அநியாயம்.

தாய்மாமன் திருமணம் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நெருங்கிய உறவில் மணந்தால், ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஆனால் அப்போது சாவுகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும்: ஏறத்தாழ ஒரே வயது, ஒரே அறிகுறி, ஒரே போக்கு. நோட்டில் அந்தச் சாயல் இல்லை. இருந்திருந்தாலும் அந்த மரபணு ஒவ்வொரு தலைமுறையிலும் இறங்கிவரும் வாய்ப்பு பாதி பாதியாகக் குறைகிறது. உங்கள் மகளிடம் வந்து சேர்ந்திருந்தால்கூட, அதே பழுது மருமகனிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு நோய். அவர் அசல். மகள் அத்தை மகனையோ மாமனையோ மணந்திருந்தால் என் பதில் வேறு: நோட்டை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசனைக்குப் போங்கள் என்றிருப்பேன்.

இணையத்தில் எண்களைத் தேடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1921இல் பம்பாயின் குழந்தைச் சாவுக் கணக்கு, ஆயிரம் பிறப்புக்கு 660க்கும் மேல். அங்கே ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குச் சொந்த ஊர் போனார்கள். பிறப்பு அங்கே பதிவானது அல்லது பதிவாகவே இல்லை. திரும்பி வந்து இறந்த பிள்ளை மட்டும் பம்பாய்க் கணக்கில் ஏறியது. நம் தலைப்பிரசவமும் தாய்வீட்டில்தான். ஆகவே 1909 பிள்ளை தலைப்பிள்ளையாக இருந்து, அதன் பதிவு சென்னைப் பதிவேட்டில் இல்லையென்றால் திகைக்காதீர்கள். பெயர் வைக்கும் முன்பே இறந்ததால், தகப்பன் பெயரில்தான் தேட வேண்டும்.

அப்படியும் பதிவு வேண்டுமென்றால் நீங்களே எழுத்தில் மனுக் கொடுங்கள். தேடுதல் கட்டணம் சொற்பம், ரசீது வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் 'பதிவு இல்லை' என்று சான்று தரச் சொல்லுங்கள். அலமாரியைத் திறக்காமலே "அதெல்லாம் இல்லை" என்று கையை விரிக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். நூறாண்டுப் பதிவேடுகளை ஈரச் சுவரோரம் அடுக்கிவைத்து, கேட்பவரை அலைக்கழித்தே தரகருக்குச் சோறு போடுகிறார்கள். தரகரின் அடுத்த யோசனை, பிரமாணப் பத்திரம் வைத்துத் தாமதப் பதிவு செய்வதாக இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் தண்டனை உங்களுக்கும் உண்டு.

அந்த நான்கு வரிகளை மகளின் மருத்துவரிடம் காட்டுங்கள். சம்பந்தியம்மாளையும் உடன் அழைத்துப் போங்கள். ரணஜன்னித் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று அங்கேயே கேளுங்கள். 1909 பிள்ளையின் தாய்க்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.