வெள்ளவத்தை வீட்டை ஈடு வைத்து முதுமாணி படிக்கப் போகலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயது. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் முடித்து, அங்கேயே தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். கைக்கு மாதம் 92,000 ரூபா வருகிறது. மண்சரிவு அபாய வரைபடமும், கணினியில் வரைபடத் தரவுகளை ஆராயும் ஜிஐஎஸ்ஸும்தான் என் ஆர்வம். கலாநிதிப் பட்டம் எடுத்து நிரந்தர விரிவுரையாளராக வேண்டும் என்பது ஆசை. இப்போது இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 27,000 பவுண்ட், அதில் 4,000 கழித்துத் தருகிறார்கள். அப்பா இல்லை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, தம்பி உயர்தரம் படிக்கிறான். வீட்டை ஈடு வைத்து ஒரு கோடி எடுப்போம், மிச்சத்துக்கு நகை இருக்கிறது என்கிறார் அம்மா. டொரொண்டோ மாமாவோ, புவியியலை விட்டுவிட்டு சீமா கணக்கியல் படி என்கிறார். என்னிடம் நிலையான வைப்பில் 6.5 இலட்சம் உண்டு. மாதம் 10,000 வீதம் 20 பேர் கட்டும் சீட்டு ஒன்றும் இருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்? — வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, வீட்டு உறுதியை அலுமாரியிலேயே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆசையை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசைக்குப் போகும் வழி இந்த முதுமாணி இல்லை.

முதலில் கணக்கு. கட்டணத்தில் மிச்சம் 23,000 பவுண்ட். விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாதச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும், அதுவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். மாணவர்களுக்கான சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ட். விசாக் கட்டணம், டிக்கெட், போய்ச் சேர்ந்த மாதமே கேட்கும் வாடகை முற்பணம் எல்லாம் சேர்த்தால் 37,000 பவுண்டுக்குக் குறையாது. ஒரு பவுண்ட் 400 ரூபா என்று வைத்தாலே 1 கோடி 48 இலட்சம். அம்மா சொல்லும் ஒரு கோடி போதாது, நகையும் முழுதாகப் போய்விடும்.

அந்த ஒரு கோடியை 12 வீத வட்டியில் 10 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 143,500 ரூபா. பத்து வருடத்தில் வட்டி மட்டும் 72 இலட்சம். உங்கள் சம்பளமோ 92,000. சம்பளத்தை விடப் பெரிய தவணைக்கு வங்கி சும்மா கடன் தராது, அம்மாவின் ஓய்வூதியத்தைக் காட்டினாலும் இழுபறிதான். வீட்டை மட்டும் பார்த்துக் கடன் தர ஒத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அங்கே வட்டி 12இல் நிற்காது, இரண்டு மூன்று தவணை தவறினால் வீட்டின் மேல்தான் கை வைப்பார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தாயும் உயர்தரம் எழுதவேண்டிய ஒரு பிள்ளையும் இருக்கிற வீடு அது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

அங்கே வேலை செய்து அடைக்கலாம் என்று ஏஜென்சி சொல்லியிருக்கும். இப்படி மாணவர்களை அனுப்பும் முகவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகங்களே தரகுப்பணம் கொடுப்பது வழக்கம், அதை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிக்காரருக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகும் அங்கே இருக்க வேண்டுமானால் வேலை தருபவர் உங்களுக்கு விசா எடுத்துத் தர வேண்டும். அதற்கான பொதுவான சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண்ட். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு எல்லை குறைவுதான், ஆனாலும் ஜிஐஎஸ்ஸில் முதல் வேலை தேடும் ஒரு பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை. வேலை கிடைத்தாலும் அது விரிவுரையாளர் பாதையில் இருந்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். தலைக்கு மேல் தவணை இருக்கும்போது, சம்பளம் குறைந்த ஆய்வு வேலையை யாரும் துணிந்து எடுக்கமாட்டார்கள்.

இனி வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டிய விஷயம். புவியியல், புவிச்சரிதவியல், செய்மதிப் படங்களால் நிலத்தை ஆராயும் தொலையுணர்வு போன்ற துறைகளில் கலாநிதிப் படிப்பு என்பது பெரும்பாலும் சம்பளமோ உதவித்தொகையோ வாங்கிக்கொண்டு செய்வது. நம் சனத்துக்கு இது பழக்கமில்லாத சங்கதி. படிப்பு என்றால் கட்டணம் கட்டுவது என்றே நினைத்துவிடுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணம் தள்ளுபடி, மாதா மாதம் கையிலும் பணம். முதுமாணி இல்லாமலே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கும் துறைகளும் அங்கே பல. நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் கலாநிதி மாணவர் என்பவர் ஓர் ஊழியர்: ஒப்பந்தம், சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. அவுஸ்திரேலியாவில் அரசின் ஆய்வுப் பயிற்சி உதவித்தொகை 2025இல் குறைந்தபட்சம் வருடத்துக்கு 33,511 அவுஸ்திரேலிய டொலர். இங்கிலாந்திலேயே 2025–26க்கு ஆய்வுக் கழகங்களின் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்ட். வெளிநாட்டவருக்கு அங்கே இடம் குறைவு, ஆனால் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம்.

நெதர்லாந்து, நோர்வே போன்ற இடங்கள் பெரும்பாலும் முதுமாணி கேட்கும் என்பது உண்மை. அப்படியானால் முதுமாணிக்கும் பணம் தருகிற இடத்தைத் தேடுங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிகளில் புவித்தகவல் சார்ந்தவை இருக்கின்றன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் முன்னின்று நடத்தும் டிஜிட்டல் புவி முதுமாணி, ஜேர்மனியின் மூன்ஸ்டர் பங்கெடுக்கும் புவிவெளித் தொழில்நுட்ப முதுமாணி இரண்டும் அந்த வகை. புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். நெதர்லாந்தில் 1950இல் தொடங்கி, இப்போது என்ஸ்கெடேயில் இருக்கும் ஐடிசி என்ற புவித்தகவல் நிறுவனத்தையும், தாய்லாந்தில் இருக்கும் ஆசிய தொழில்நுட்ப நிறுவனத்தையும் பாருங்கள். போட்டி கடுமைதான். ஒரு தடவையில் கிடைக்காமலும் போகும். கிடைக்காத வருடத்தில் உங்களுக்கு நட்டம் விண்ணப்பச் செலவு மட்டும். வீட்டை வைத்துப் போனால் நட்டம் எவ்வளவு என்று மேலே பார்த்தோம்.

விண்ணப்பித்துப் புறப்பட ஒரு பதினெட்டு மாதம் ஆகும் என்று வைப்போம். அந்தக் காலம் முழுக்கக் கொழும்பில் இருந்துகொண்டே உங்கள் பெறுமதியைக் கூட்டலாம், அதற்குப் பணம் தேவையில்லை. லான்ட்சாட் செய்மதிப் படங்கள் 2008 முதல் இலவசம், சென்டினல் செய்மதிப் படங்களும் இலவசம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இந்தப் படங்களை இணையத்திலேயே ஆராயும் கூகுள் ஏர்த் எஞ்சினை ஆய்வுக்கு இலவசமாகப் பாவிக்கலாம். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை, 2016இல் அரநாயக்க என்று நம் மலைநாடு புதைத்துக்கொண்ட உயிர்கள் எத்தனை. அந்தச் சரிவுகளின் முன்னும் பின்னுமான படங்களை நீங்கள் உங்கள் மடிக்கணினியிலேயே திறக்க முடியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் மண்சரிவு வரைபடங்கள் தயாரிக்கிறது, அலுவலகம் ஜாவத்தை வீதியில். வெள்ளவத்தையில் இருந்து எட்டிப்போகும் தூரம். உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு போய், ஒரு தோட்டத்துப் பகுதியை எடுத்து ஒரு சிறிய கட்டுரை எழுதுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது, "எனக்கு மண்சரிவில் ஆர்வம்" என்பதற்கும் "இந்தச் சரிவை இந்தப் படங்களில் இப்படி அளந்தேன், இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்" என்பதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவது கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

சரி, அதற்கான செலவுக் கணக்கு. அமெரிக்காவை வைத்துப் பார்ப்போம், அங்கேதான் முன்செலவு கூட. ஆறு இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் சுமார் 500 டொலர் (சில துறைகள் கேட்டால் தள்ளுபடி தரும், கூச்சப்படாமல் கேளுங்கள்), ஆங்கிலப் பரீட்சைக்கு 250, மாணவர் பதிவுக் கட்டணம் 350, விசாவுக்கு 185, டிக்கெட்டுக்கு 1,000. அப்புறம் பலரும் மறந்துவிடுவது ஒன்று. முதல் உதவித்தொகை கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம், அதுவரை வாடகை, முற்பணம், சாப்பாடு என்று 2,200 டொலராவது வேண்டும். மொத்தம் 4,500 டொலர் அளவில். டொலர் 310 ரூபா என்றால் ஏறத்தாழ 14 இலட்சம்.

உங்களிடம் 6.5 இருக்கிறது. சீட்டைக் கழிவு கொடுத்து முன்னால் எடுக்க வேண்டாம், கடைசியில் எடுத்தால் முழு 2 இலட்சம். மிச்சம் 5.5 இலட்சம், 18 மாதத்தில் மாதம் 30,500 ரூபா. அதையும் சீட்டுக் காசையும் கழித்தால் சம்பளத்தில் 51,500 மிஞ்சும். அம்மாவுக்கு 25,000 கொடுத்தாலும் உங்கள் கையில் 26,500 இருக்கும். சொந்த வீட்டில் இருக்கும் உங்களுக்கு இது இறுக்கம்தான், முடியாத காரியமில்லை. ஆனால் ரூபாவில் சேர்த்து டொலரில் செலவழிக்கப் போகிறீர்கள். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆகவே வருகிற போனஸ், பரீட்சை மேற்பார்வைக் காசு, தனி வகுப்புக் காசு எது வந்தாலும் இதற்குள் போடுங்கள், 10–15 வீதம் மேலதிகமாக இருக்கட்டும். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்பதால், நிலையான வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி பிடிக்காமல் இருக்க வங்கியில் சுயவெளிப்படுத்தல் படிவம் கொடுக்கலாம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே கொடுங்கள்.

இடையில் இங்கேயே தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனை எதையும் விடாதீர்கள், கொழும்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இந்தத் துறையில் அவ்வளவு இடம் இல்லை. சப்ரகமுவவின் புவியளவையியல் பீடமும் உங்கள் ஜிஐஎஸ்ஸுக்குப் பொருந்தும். அந்தப் பதவி கிடைத்தபின் போனால் சம்பளத்தோடு கற்கை விடுமுறை கிடைக்கும், அதுதான் பணரீதியில் மிக நல்ல ஒழுங்கு. பதிலுக்குப் பிணை ஒப்பந்தம் எழுத வேண்டும். திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்யாவிட்டால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், நீங்கள் கட்டாவிட்டால் பிணையாளியைத் தேடி வருவார்கள். பிணைக்குக் கையெழுத்துப் போடப்போவது அம்மாவோ சொந்தக்காரரோதானே. திரும்பி வருவீர்களா என்பதை அவர்கள் பேனாவை எடுக்க முன்னமே மனதில் தீர்மானித்துவிடுங்கள்.

மாமாவுக்கும் ஒரு பதில். நிலத்தைப் படிப்பது நம்மவருக்குப் புதிதில்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1903இல் இருந்து 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்த புவிச்சரிதவியலாளர். அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, உங்களுக்கு இல்லை, அதனால் மாமாவின் பயத்தில் நியாயம் உண்டு. கலாநிதிப் பட்டம் எடுத்தவர்கள் எல்லோருக்கும் விரிவுரையாளர் பதவி கிடைப்பதில்லை, உலகம் முழுக்க இரண்டு வருடம் மூன்று வருடம் என்று ஒப்பந்த ஆய்வு வேலைகளில் பலர் அலைகிறார்கள். 34 வயதுவரை சேமலாப நிதியில் ஒன்றும் சேராமல் போகவும் கூடும், அமெரிக்க உதவித்தொகையில் அப்படித்தான். ஆனால் ஜிஐஎஸ்ஸும் பைத்தன் என்ற கணினி மொழியும் தெரிந்த, சரிவையும் வெள்ளத்தையும் அளக்கத் தெரிந்த ஒருவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது: அனர்த்த முகாமைத்துவம், நில அளவை, சுற்றாடல் மதிப்பீட்டு நிறுவனங்கள், பேரிடர் நட்டத்தைக் கணக்கிடும் மீள்காப்புறுதி நிறுவனங்கள். கடன் இல்லாமல் அங்கே போய் நின்றால் நீங்கள் தெரிவு செய்யலாம்.

இடத்தை உறுதிப்படுத்த முற்பணம் கட்டச் சொல்லி கடிதம் வந்திருக்கும். திருப்பித் தருவார்களா என்ற நிபந்தனையை வாசிக்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அனுமதியை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று இந்தக் கிழமையே எழுதிக் கேளுங்கள். பல இடங்கள் சம்மதிக்கும், அதற்குக் காசு கேட்டால் விட்டுவிடுங்கள். அம்மாவின் நகையில் இரண்டு சங்கிலியை மட்டும் கடைசி நேர அவசரத்துக்கு என்று ஒதுக்கச் சொல்லலாம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் இடையில் காசு தட்டினால் அடகு வைத்து, முதல் ஆறு மாத உதவித்தொகையிலேயே மீட்டுவிடலாம்.