வீட்டுக்குள் பாம் நாற்றுகளை விதையிலிருந்து வளர்க்கலாமா? இலை நுனி ஏன் கருகுகிறது?

இரண்டு இலை விட்டதும் நுனி கருகி, ஒவ்வொன்றாகச் செத்துப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். வீடு மட்டக்களப்பில் கல்லடி என்ற ஊரில், ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். முதல் வருடம் நாற்பது அரேக்கா பாம் (தென்னை, பனை இனத்து அழகுச் செடி) விதை போட்டேன், மிஞ்சியது நான்கு. ஆகவே இதை நாற்பதில் முப்பத்தாறைக் கொன்றவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விதை புதிதாக இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டால் முளைக்கிற சக்தி போய்விடும், அதனால் பைக்கற்றில் மாதக்கணக்காகக் கிடந்ததை வாங்குவது வீண். யாருடைய வளவிலாவது காய்த்து நிற்கும் பற்றையிலிருந்து பழுத்து விழுந்ததைப் பொறுக்குங்கள். சதையைக் கழற்றி, தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் ஊறவிட்டால் போதும். தேங்காய்த் தும்புத்தூளும் ஆற்று மணலும் பாதிக்குப் பாதி. சாடிகூட வேண்டாம், நான் யோகட் கப்பில் அடியில் மூன்று ஓட்டை போட்டுத்தான் வளர்த்தேன். விதை மறைகிற அளவுக்கு மட்டும் மண் போடுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் சூடாக்கும் தட்டு வாங்கச் சொல்லி வீடியோ போடுகிறார்கள், நம் ஊரில் அது தேவையே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு மாதத்தில் முளைக்கும்.

அந்த இரண்டு மாதம்தான் கஷ்டம். மூன்றாம் கிழமை பொறுக்க முடியாமல் தேக்கரண்டியால் கிளறிப் பார்த்து, நான்கைந்து முளையை உடைத்தேன். அதைவிடப் பெரிய மடத்தனம் பிறகு நடந்தது. முதல் இலை மீன் வால் மாதிரி நுனி பிளந்து விரிந்திருந்தது. அடியில் பழைய விதை ஒட்டிக்கொண்டு, மண்ணுக்கு வெளியே பாதி தெரிந்தபடி, பூஞ்சணம் பிடித்ததுபோல் கிடந்தது. குப்பை என்று நினைத்துப் பத்துப் பன்னிரண்டு கன்றில் அதை நகத்தால் கிள்ளி எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தென்னம்பிள்ளைய நட்டுட்டுத் தேங்காயப் புடுங்குவியா மனே?"

சரியான கேள்வி. தேங்காய் முளைக்கும்போது உள்ளே பூரான் என்கிற பஞ்சு மாதிரி உருண்டை வளர்ந்து பருப்பைத் தின்று கன்றுக்கு ஊட்டுகிறதே, அரேக்கா விதைக்குள்ளும் சிறிய அளவில் அதுவேதான் நடக்கிறது. நான் கிள்ளிய கன்றுகள் இரண்டாம் இலையே விடவில்லை. விதை தானாகச் சுருங்கிக் கழன்று விழட்டும். அதுவரை உரமும் போடாதீர்கள், சாப்பாடு பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது நுனி கருகுவது. எங்கள் பக்கம் கச்சான் காற்று, அதாவது கோடையின் வறண்ட காற்று, வீசுகிற மாதங்களில் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். நாக்குக்குப் பழகிப்போய்விடும், கன்றுக்குப் பழகாது. ஊற்ற ஊற்ற உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே வரும், முதலில் காட்டிக்கொடுப்பது இலை நுனி. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் போகும்; உப்போ வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மாரியில் பிடித்த மழைத் தண்ணீரை மூடிய பீப்பாவில் வைத்திருந்து கோடையில் கொடுக்கிறேன். ஏற்கெனவே கருகிய கன்றென்றால் நல்ல தண்ணீரைத் தாராளமாக, ஓட்டை வழியே வழிந்து ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அடுத்த இலை எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும்.

மாரியில் தொல்லை தலைகீழ். மண் காயவே காயாது, நாங்களோ பழக்கத்தில் தினமும் ஊற்றுவோம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். குருத்தைத் தொட்டதும் கையோடு வந்து, அடி நாறினால் பெரும்பாலும் கதை முடிந்தது. ரோஜா மாதிரி பக்கத்தில் துளிர்க்காது; இந்தச் சின்னக் கன்றுக்கு ஒரே குருத்துத்தான். அப்புறம், சாடிக்குக் கீழே வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் முட்டையிடும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

வெளிச்சம் கிழக்கு ஜன்னலோரம் போதும். உள்ளே இருந்த கன்றை ஒரே நாளில் முற்றத்து வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். கச்சான் காலத்தில் இலையின் அடிப்பக்கம் தூசு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் திருப்பிப் பாருங்கள். நூலாம்படை தெரிந்தால் சிலந்திப் பேன். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நாலைந்து நாள் கழித்து மறுபடி துடையுங்கள். மருந்துக் கடைக்கு ஓடத் தேவையில்லை.

கீழ் இலை மஞ்சளானதும் கத்தரிக்கோலைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பொட்டாசியம் குறைந்த கன்று பழைய இலையிலிருந்து அதை எடுத்துத்தான் புது இலைக்குக் கொடுக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

பனங்கொட்டையையும் சாடியில் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். போடலாம், முளைக்கும். ஆனால் பனை மேலே வருவதற்கு முன் கீழே போகும். முளை ஒரு முழம், அதற்கு மேலும் இறங்கிய பிறகுதான் இலையைப் பற்றி யோசிக்கும். உங்கள் சாடியில் அடி முட்டிக் கோணிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பிடுங்கி அவித்துச் சாப்பிடுங்கள், கிழங்கு நன்றாகத்தான் இருக்கும்.