உறிஞ்சு குழாயில் போகும் பர்சா

கேள்வி: தோள்பட்டையில் கிழிந்த தசைநாணைத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘பர்சா அகற்றப்பட்டது’ என்று இருக்கிறது. எடுத்தது தவறா?

இல்லை. எலும்பும் தசைநாணும் உராயாமல் வழுக்கிக்கொள்ள நடுவே இருக்கும் மெல்லிய பைதான் பர்சா. பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், அதன் வேலை புரியும். கிழிசல் உள்ள தோளில் இது சிவந்து தடித்து, சிறு துளை வழியே கேமரா உள்ளே போனதும் நனைந்த பஞ்சு மாதிரி கண்ணை மறைக்கும். விலக்கினால்தான் கிழிசல் தெரியும். ஷேவர் என்ற சுழலும் பிளேடு அதை அரைத்துக் குழாய் வழியே உறிஞ்சிவிடும். நானும் வருடக்கணக்கில் இதைத்தான் செய்தேன்.

கேள்வி: அந்தத் திசுவில் ஸ்டெம் செல் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஸ்டெம் செல் என்றால் வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல். திசுவைப் பொடியாக நறுக்கி வளர்ப்புத் தட்டில் வைத்தால், சில நாட்களில் துணுக்குகளின் ஓரத்திலிருந்து நீள்வடிவ செல்கள் வெளியே வந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். தகுந்த ஊட்டக் கரைசல் கொடுத்தால் அவை எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என மூன்று வழியிலும் மாறும். இத்தகைய செல்களை அடையாளம் காண 2006-இல் வகுத்த அளவுகோல் கேட்பதில் இதுவும் ஒன்று. 2013-இல் தோளின் நான்கு திசுக்களை ஒப்பிட்ட ஆய்வில் பர்சா செல்கள் நன்றாகவே தேறின.

எங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆர்வம்? தைத்த தசைநாண் எலும்போடு பழையபடி ஒட்டுவதில்லை. இயல்பான இணைப்பில் தசைநாண், குருத்து, சுண்ணம் ஏறிய குருத்து, எலும்பு என்று படிப்படியான நான்கு அடுக்குகள். தையலுக்குப் பிறகு அங்கே உருவாவது பெரும்பாலும் தழும்புதான். பெரிய கிழிசல்கள் பற்றி 2004-இல் வந்த ஓர் ஆய்வில் 18 தோள்களில் 17 மறுபடி கிழிந்திருந்தன. (வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலருக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது!)

எலும்பு மஜ்ஜை வேண்டுமானால் தனியாக ஊசி குத்த வேண்டும். பர்சாவோ தைக்கும் இடத்திலேயே கிடக்கிறது. அதனால் சில அறுவை மருத்துவர்கள் அதைக் கவ்வியால் பிடித்து எடுத்து, நறுக்கி, தையலுக்கு அடியில் வைக்கிறார்கள். ஆனால் அழற்சிக்கும் வலிக்கும் காரணமான பொருட்களைச் சுரப்பதும் இதே பர்சாதான். வலியையும் சேர்த்து உள்ளே வைத்துத் தைக்கிறோமா என்ற சந்தேகம் நியாயமானது.

கேள்வி: எனக்கு 66 வயது, சர்க்கரையும் உண்டு. பலன் இருக்குமா?

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டுப்படாத சர்க்கரை, புகைப்பழக்கம், தசையில் கொழுப்பு படிந்திருப்பது ஆகியவை எந்தத் தையலையும் கெடுக்கும். முதல் இரண்டு உங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: பர்சா ஸ்டெம் செல்லை முழங்காலில் ஊசியாகப் போட்டால் தேய்மானம் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

காசு கொடுத்துப் போடாதீர்கள். இந்த வகை செல்களுக்கு ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரை 1991-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லானே 2017-இல் அதை மாற்றச் சொல்லி எழுதினார். இந்த செல்கள் புதிய திசுவாக மாறுவதைவிட, அக்கம்பக்கத்து செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதே அதிகம் என்பது அவர் வாதம். தட்டில் குருத்தாக மாறிய செல் தேய்ந்த மூட்டிலும் அப்படியே மாறிவிடாது. ஆராய்ச்சி என்று சொன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் ஆய்வுப் பதிவு எண்ணையும் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பர்சாவில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.

உடனே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டு ஒரு மாதத்துக்குள் தைத்தால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது. தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள்.