மகளின் இதய ஓட்டைக்கு டிவைஸ்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் 5 வயது மகளுக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் 14 மி.மீ. ஓட்டை. செகண்டம் வகை ஏ.எஸ்.டி. என்கிறார்கள். இதயத்தின் வலப்பக்கம் பெரிதாகியிருப்பதால், ஆறு மாதத்துக்குள் தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் சிறு கருவி) வைத்து மூடிவிடலாம் என்கிறார் டாக்டர். தனியார் மருத்துவமனையில் ரூ.2,85,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் ரூ.3 லட்சத்துக்கு குரூப் இன்ஷூரன்ஸ் உண்டு. ரூ.4 லட்சம் எஃப்.டி.யும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. ரிப்போர்ட்டைச் சொல்லாமல் புது பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். நகையை அடகு வைக்கலாமா? வேறு வேலைக்கு மாறும் யோசனையும் இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பதில்: நகையைத் தொட வேண்டாம். டிவைஸ் வைத்து முடியும்வரை வேலையையும் மாற்ற வேண்டாம். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த குரூப் பாலிசிதான். ராஜினாமா செய்து விலகும் நாளோடு அது போய்விடும்.

ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். க்ளெய்ம் வந்ததும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது, நோய் முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது என்ற டாக்டரின் குறிப்பைத்தான். உங்கள் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும், பாலிசியும் ரத்தாகலாம். அப்படி ஆனால் உங்களுக்கும் மனைவிக்கும்கூட கவரேஜ் இருக்காது. உண்மையைச் சொல்லி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். பாலிசிக்காக மூன்று வருடம் தள்ளிப்போடும் நிலையில் உங்கள் குழந்தை இல்லை.

குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. ஆனால் அதை வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். மகளின் பெயர் இ-கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடுபட்டிருந்தால், பல நிறுவனங்களில் அடுத்த புதுப்பித்தலின்போதுதான் சேர்க்க முடியும். பிறகு ஹெச்.ஆரிடம் பாலிசி நகலை வாங்கி, பிறவிக் குறைபாடு பற்றிய வரியைப் படியுங்கள். உதடு பிளவு போல வெளியே தெரியும் குறைபாட்டை ‘வெளிப்புறம்’ என்றும், இதய ஓட்டை போன்றதை ‘உட்புறம்’ என்றும் பிரிப்பார்கள். பல பாலிசிகள் வெளிப்புறத்தை மட்டுமே விலக்கும். உட்புறத்துக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா, கோ-பே (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம் என்பதை, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் டி.பி.ஏ.விடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

நிறைய பேர் பணத்தை விடுவது அறை வாடகையில்தான். உங்கள் பாலிசியில் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ரூ.6,000 அறையில் இரண்டு நாள் தங்குகிறீர்கள். எஸ்டிமேட்டில் டிவைஸ் ரூ.1,20,000, கேத் லேப் (டிவைஸ் வைக்கும் சிகிச்சைக்கூடம்), டாக்டர், மயக்க மருந்து நிபுணர் கட்டணம் ரூ.1,10,000, மருந்து, பரிசோதனை ரூ.43,000, அறை ரூ.12,000 என்றால், வாடகையில் ரூ.6,000 மட்டுமல்ல, அறை வரம்பைப்போல இரு மடங்கு என்பதால் கேத் லேப், டாக்டர் கட்டணத்திலும் பாதி, ரூ.55,000 வெட்டுவார்கள். மொத்தம் ரூ.61,000 உங்கள் தலையில். டிவைஸ், மருந்து, பரிசோதனைக்கு இந்த விகிதாச்சார வெட்டு கூடாது என்று 2020-லேயே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. அதையும் சேர்த்து வெட்டினால் எதிர்த்து எழுதுங்கள். ரூ.3,000 அறையையே எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. எல்லாம் சரியாகப் போனால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடப் போகிறீர்கள்.

மருத்துவமனையிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எஸ்டிமேட்டில் இருப்பது எந்த நிறுவனத்தின் டிவைஸ், என்ன விலை? இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் கரோனரி ஸ்டென்ட்டுக்கு 2017-ல் அரசு உச்சவரம்பு விலை வைத்தது. இதற்கு அப்படி இல்லாததால் இடத்துக்கு இடம் விலை மாறும். அடுத்து, பெட்டியைப் பிரித்து எடுத்த டிவைஸ் பொருந்தாமல் வேறு அளவு வைக்க நேர்ந்தால் இரண்டுக்கும் பில் போடுவார்களா? கடைசியாக, ஓட்டையைச் சுற்றிப் பிடிமானத்துக்குப் போதிய விளிம்பு இல்லை என்று உணவுக்குழாய் வழி எக்கோவில் தெரிந்தாலோ, வைத்த டிவைஸ் நழுவினாலோ ஓபன் சர்ஜரிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? டிவைஸ் நழுவுவது அரிது. ஆனாலும் உங்கள் ரூ.3 லட்சம் வரம்பு அப்போது போதாமல் போகலாம். அதற்காகத்தான் எஃப்.டி.யை உடைக்காமல் முழுதாக வைத்திருங்கள். நிறுவனத்தில் ‘கார்ப்பரேட் பஃபர்’ (தனிநபர் வரம்பு தீர்ந்தால் எடுக்கும் பொதுத் தொகை) இருக்கிறதா என்றும் ஹெச்.ஆரிடம் கேட்டு வையுங்கள்.

கேஷ்லெஸ் விண்ணப்பத்தை அட்மிஷனுக்கு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று டிவைஸ் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண்ணுடன் இருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரும் டிவைஸ் இன்வாய்ஸும் இல்லாமல் க்ளெய்ம் நிற்கும்.

கைக்காசு தேவைப்பட்டால் எஃப்.டி.யை உடைக்காமல் அதன்மீது கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிடப் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல். க்ளெய்மில் விடுபடும் தொகைக்கு இதுவே போதும். டிவைஸ் வைத்த பிறகு சில மாதங்களுக்குக் குறைந்த டோஸ் ஆஸ்பிரின், முதல் வருடத்தில் சில எக்கோ பரிசோதனைகள் இருக்கும். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை கவரேஜ் என்று உங்கள் பாலிசியில் இருந்தால், ஆறாம் மாத எக்கோ உங்கள் செலவு.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அது பொருந்தாது. குறைத்துக் காட்டி வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். வருமான வரியில் சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டி.டி.பி. பிரிவில் கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அந்தப் பிரிவின் நோய்ப் பட்டியலில் பிறவி இதயக் குறைபாடு இல்லை.

வேலை மாறும்போது, புது நிறுவனத்தின் குரூப் பாலிசியில் சேரும் முதல் நாளிலேயே மகளின் பெயரைக் கொடுங்கள். தனி பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது டிவைஸ் வைத்ததை எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி எக்கோவையும் இணையுங்கள்.