சங்கிலியை அடகு வைக்கும் முன்

வணக்கம் அம்மா,

நேற்று ராத்திரி நீங்கள் பேசி முடித்தபிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. மகளுக்குக் கவுன்சிலிங்கில் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) இடம் கிடைத்திருக்கிறது. வீடே சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், "சங்கிலியை வெச்சிடட்டுமா சார், இல்ல மூணு வட்டிக்கு வாங்கிடட்டுமா" என்று கேட்டீர்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இதில் பாதி வேலை அவள் செய்ய வேண்டியது.

மூணு வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் 3,000. வருஷத்துக்கு 36,000. அசல் அப்படியே நிற்கும். நீங்கள் ராத்திரி பகலாகத் தைக்கிற தையல் முழுக்க அந்த வட்டிக்கே போகும். அதனால் அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். பணம் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. திருப்பிக் கட்ட வேண்டாத பணம் முதலில். வங்கிக் கல்விக் கடன் அடுத்தது. நகை அதற்கும் பிறகு. என்னிடம் வருகிற பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஜூலையில் நகையை வைத்துக் கட்டிவிட்டு, நவம்பரில் "உதவித்தொகை ஏதாவது இருக்கா சார்" என்று கேட்கிறார்கள். அதற்குள் பாதிக் கதவு மூடியிருக்கும்.

சரி, உங்கள் மகளுக்கு என்னென்ன பொருந்தும் என்று பார்ப்போம்.

அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கிறவர்களுக்குக் கட்டணமே இல்லையாமே என்று கேட்டீர்கள். உண்மைதான். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். ஆனால் அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவி பெறும் பள்ளி அதில் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்து போகிற வீடுகள் ஏராளம். உங்கள் மேல் தப்பில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. தாத்தா பாட்டி, நீங்கள், உங்கள் கணவர், யாரும் பட்டம் படிக்கவில்லை. மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போய்விட்டான்; ஐ.டி.ஐ. பட்டமில்லை, அதனால் தடையும் இல்லை. கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் சேருகிற முதல் பட்டதாரிக்குப் படிப்புக் கட்டணத்தில் 25,000 ரூபாயை வருஷா வருஷம் அரசு ஏற்றுக்கொள்கிறது. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். இந்தச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். சின்னவனுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது. "கவுன்சிலிங் எதுக்கு, நேரா வாங்க, சீட்டு போட்டுத் தர்றோம்" என்று போன் செய்கிறார்களே, அவர்களிடம் போகாமல் இருந்தீர்களே, அதுவே உங்களுக்கு ஒரு லட்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

சான்றிதழ் வாங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அதோடு நீங்களும் மகளும் கையெழுத்துப் போட்ட கூட்டு உறுதிமொழியும் இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையில் முதல் பட்டதாரி என்று வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வராவிட்டால் கல்லூரிக்குப் போகும் முன் கவுன்சிலிங் உதவி மையத்தில் கேளுங்கள்.

அடுத்தது தமிழக அரசின் புதுமைப் பெண் உதவித்தொகைத் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024-25 முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழிதான். ஆகவே படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், கல்லூரியில் இதற்கென்று ஓர் ஆசிரியரை நியமித்திருப்பார்கள். முதல் வாரமே அவரைப் பார்த்துப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் இது போதும்.

உங்கள் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வகுப்பினருக்கான அரசுத் துறையின் உதவித்தொகைக்கும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரி சலுகையில் கழிந்த கட்டணத்தை இதில் மறுபடி கேட்க முடியாது. மீதியில் எது வரும் என்று அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கிறவரிடம் கேளுங்கள். முதல்வரைவிட அவருக்குத்தான் இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்திலும் பெண் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் பிரகதி திட்டத்தில் வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மதிப்பெண் வரிசைப்படிதான் தேர்வு, இடங்களும் குறைவு. இதை வாங்கினால் வேறு சில உதவிகளை விட வேண்டியும் வரும். அதனால் விதிகளை முழுக்க வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்; வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்யலாம். இந்த ஐம்பதாயிரத்தை நம்பி வீட்டுக் கணக்கு மட்டும் போட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றியும் கேட்டீர்கள். அவன் ஆதிதிராவிடர் வகுப்பு, வருமானமும் 2.5 லட்சத்துக்குள் என்றால் அவனுக்குப் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான, உதவித்தொகை உண்டு. அதில் மத்திய அரசின் பங்கு நேராக அவன் கணக்குக்கே வரும். அதில் கல்விக் கட்டணமும் அடக்கம். வந்த பணத்தைக் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்து அதை எடுத்துச் செலவழித்துவிட்டு, கடைசி வருஷம் கட்டண பாக்கிக்காகச் சான்றிதழ் வாங்க முடியாமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவன் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். என் அனுபவத்தில், தகுதி இல்லை என்று தள்ளப்படுகிற பிள்ளைகளைவிட, தகுதி இருந்தும் காகிதத்தில் தவறவிடுகிற பிள்ளைகளே அதிகம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கூடப் படிக்கிற எல்லோருக்கும் உதவித்தொகைப் பணம் வந்துவிட்டது, அவளுக்கு மட்டும் வரவில்லை. தினமும் வங்கிக்குப் போய் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தளத்தில் பார்த்தால் பணம் அனுப்பியாகிவிட்டது என்று இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது தபால்காரர் வீட்டு வாசலிலேயே விரல் ரேகை வாங்கி அஞ்சலக வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். ஆதார் கடைசியாக இணைந்தது அதில்தான். மொத்தப் பணமும் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அவள் வீட்டில் அந்தக் கணக்கையே மறந்துவிட்டார்கள். அவளுக்காவது பணம் பத்திரமாக இருந்தது. கணக்கு முடங்கிப்போனவர்களுக்குப் பணம் திரும்பிப் போய்விடும்.

அதனால் மகளை 'மை ஆதார்' தளத்துக்குள் போய் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வங்கியின் பெயர் காட்டுகிறதோ அங்கேதான் அரசுப் பணம் போகும். விண்ணப்பத்தில் வேறு கணக்கு எண் எழுதியிருந்தாலும் அங்கேதான் போகும். மாற்ற வேண்டுமானால் கிளைக்கு நேரில் போய் "ஆதார் சீடிங் செய்யணும்", அதாவது அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். வெறும் ஆதார் நகல் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. கணக்கு மகள் பெயரில் இருக்கட்டும், உங்கள் கணக்கு உதவாது.

அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லாமல். நம் ஊரில் இது சாதாரணம்; கணினிக்கோ மூன்றும் மூன்று ஆள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் மகளே சரிபார்க்கட்டும்.

வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். போன வருஷம் பள்ளிக்கு வாங்கியது இப்போது உதவாது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் புதிதாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்க் கையெழுத்தாகி வர நாள் பிடிக்கும். சேர்க்கைக் காலத்தில் இன்னும் தாமதமாகும். உண்மையான வருமானத்தைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால்தான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் உண்மையான வருமானமே எல்லா வரம்புக்கும் உள்ளேதான் இருக்கிறது. அப்புறம், எல்லா ஓ.டி.பி.யும் வருகிற அந்த போன் நம்பருக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே குறைகிற பணத்துக்குத்தான் வங்கிக் கடன். கல்விக் கடன் என்றாலே உங்களுக்குப் பயமாக இருப்பது குரலிலேயே தெரிந்தது. கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று நாலு லட்சம் வாங்குகிறாள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், அதுவரை தனிவட்டிதான். ஐந்து வருஷ முடிவில் வட்டி 1,40,000 ஆகியிருக்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரமும் இருந்தால், அந்த வட்டியை மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வங்கியில் இதற்கான வருமானச் சான்றிதழைக் கொடுத்துப் பதிய வேண்டும். அசலைக் கட்டப் பதினைந்து வருஷம் வரை அவகாசம் கிடைக்கும். மூணு வட்டிக்காரர் இப்படியா கொடுப்பார்?

நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியும் துணை நிற்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் தரவரிசையில் முன்னால் நிற்கும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் தளத்திலேயே மகள் பார்த்துக்கொள்ளட்டும்.

வங்கியில் முதல் நாளே முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். "இது எங்க ஏரியா இல்லை", "மேனேஜர் லீவு", "டார்கெட் முடிஞ்சிருச்சு" என்பார்கள். நீங்கள் சண்டை போட வேண்டாம், அழவும் வேண்டாம். கல்விக் கடனுக்கான தளத்தில் விண்ணப்பித்து அந்த விண்ணப்ப எண்ணோடு போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளையே கல்விக் கடனை நிராகரிக்கக் கூடாது என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டமே சொல்கிறது. எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லையென்றால் உங்கள் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கல்விக் கடன் முகாம் நடத்தும் தேதியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கடன் வருவதற்குள் கல்லூரியில் முதல் தவணை கட்ட வேண்டி வந்தால் மட்டும் சங்கிலியை எடுங்கள். அதையும் வங்கியில் வையுங்கள், அடகுக் கடையில் வேண்டாம். முன்னால் கட்டிய கட்டணத்தை ரசீது காட்டினால் கல்விக் கடனில் ஈடு செய்ய முடியுமா என்று மேலாளரிடம் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகும்போது மகளும் கூட வரட்டும். கட்டண விவரத்தைத் தலைப்பு தலைப்பாகப் பிரித்து, கல்லூரித் தாளில் முத்திரையோடு கேளுங்கள். அங்கே படிக்கிறாள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழும் கேளுங்கள். வங்கிக்கு இரண்டும் வேண்டும். பேருந்து, பயிற்சி, சீருடை என்று சேர்த்திருந்தால் எது கட்டாயம், எது விருப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீங்கள் டவுன் பஸ்ஸிலேயே அனுப்பலாமே. தவணையாகக் கட்ட அவகாசம் கேட்டு மகள் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். பிள்ளையை உள்ளே எடுத்துக்கொள்ளத்தான் அவர்களும் பார்ப்பார்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்காமல் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுப்பதற்கு முன் ஐந்து செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்ப எண் கொடுத்ததும் எனக்கு அனுப்பிவிடுங்கள். வியாழக்கிழமைக்குள் கையெழுத்தாகவில்லையென்றால் போன் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.