மரத்தை எல்லையாக எழுதிய பத்திரம்

கேள்வி: என் சிறுகதையில், 1810 வாக்கில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குடியானவர் நிலம் வாங்கப் போகிறார். கிரயத்துக்கு முன்னால் வக்கீலிடம் யோசனை கேட்கிறார். வக்கீல் என்ன சொல்லியிருப்பார்?

பதில்: விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "இதே நிலத்துக்கு இன்னும் எத்தனை பேர் பத்திரம் வைத்திருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டிருப்பார்.

கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவோடு இருந்தது. வர்ஜீனியா அரசு நில வாரண்டுகளை, அதாவது இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டுகளை, விற்றுத் தள்ளியது. இடத்தைத் தேடிப் பிடித்து அளந்துகொள்வது வாங்கினவர் பாடு. எல்லை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ஓடைக்கரையில் கோடாலியால் வெட்டுக்குறி போட்ட ஓக் மரம், அங்கிருந்து வடக்கே இத்தனை 'போல்' (ஒரு போல் பதினாறரை அடி), அங்கே இன்னொரு மரம். மரம் விழுந்துவிட்டால் எல்லைக்குச் சாட்சி பக்கத்து நிலத்துக்காரர்தான். கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒரு பத்திரத்தின் மேல் இன்னொன்று ஏறிக் கிடந்தது. காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்த, கென்டக்கிக்கு வழி திறந்த வேட்டைக்காரர் டேனியல் பூன்கூட அங்கே நிலத்தைப் பறிகொடுத்தார்!

ஆகவே வாரண்டு, இடப் பதிவு (எந்த இடம் வேண்டும் என்று குறித்தது), சர்வே, அரசு கொடுத்த பட்டா நான்கையும் தேதியோடு காட்டச் சொல்லுவார். அப்புறம் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு எல்லையை நடந்து பார்க்கச் சொல்லுவார்.

அதுவும் போதாது. ஆபிரகாம் லிங்கனின் அப்பா தாமஸ் 1808-இல் 200 டாலர் ரொக்கம் கொடுத்து ஒரு பண்ணை வாங்கினார். அதை முன்பு வாங்கியவர் பழைய உரிமையாளருக்குப் பாக்கி வைத்திருந்தார். அந்த வில்லங்கம் கோர்ட்டுக்குப் போய், நிலம் கைவிட்டுப் போனது. அடுத்து குடியிருந்த பண்ணையிலும் வெளியூர் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1816-இல் குடும்பம் இண்டியானாவுக்குக் கிளம்பியது. அங்கே அரசே சதுரம் சதுரமாக அளந்த பிறகுதான் விற்றது. கென்டக்கியை விட்டதற்கு நிலப் பத்திரத் தொல்லைதான் முக்கியக் காரணம் என்று மகன் பின்னாளில் எழுதினார்.

சரி, கதைக்கு உதவும் ஒன்று சொல்கிறேன். விற்பவரின் மனைவிக்கு, கணவர் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், கணவர் பக்கத்தில் இல்லாமல் தனியாக விசாரிப்பார்கள்: "மனமார சம்மதித்தா கையெழுத்துப் போடுகிறீர்கள்?" அந்த அம்மா பதில் சொல்லாமல் நிற்கட்டும், கிரயம் அங்கேயே நின்றுவிடும். நானாக இருந்தால் கதையை அந்த இடத்தில் ஆரம்பிப்பேன்.