‘வீட்டுக்காரர் எங்கே?’ என்று வீட்டுக்காரர் கேட்டால்...

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் ஒன்பது மாதங்களுக்கு முன் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு தேனிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தேன். பெண்கள் காப்பகம் ஒன்றில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இன்னும் மூன்று மாதத்தில் காப்பகத்தைக் காலி செய்ய வேண்டுமாம். வழக்கு எதுவும் போடவில்லை. தனியாக வீடு கேட்டால் யாரும் தருவதில்லை. இங்கிருந்து போய்விட்டால் கிடைக்கிற உதவிகளும் நின்றுவிடுமா? - பெயர் வேண்டாம்

பதில்: உதவி நிற்காது. ஆனால் தானாகவும் தொடராது. காப்பகத்தில் இருக்கும்போதே அதற்கான ஏற்பாடுகளைச் செய்து வைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மூன்று மாதம் அதற்குப் போதும்.

முதலில் காலக்கெடு. குடும்ப வன்முறையால் வந்த பெண்களுக்கு ஓராண்டு என்பது மத்திய அரசுத் திட்டத்தில் நடந்த பழைய ஸ்வாதார் காப்பகங்களின் கணக்கு. 2022-இல் அத்திட்டம் ‘மிஷன் சக்தி’ என்ற பெண்கள் நலத் திட்டத்தின் கீழ் ‘சக்தி சதன்’ என மாறியது. உங்கள் இல்லம் எந்தத் திட்டத்தில் நடக்கிறது என்று கேட்டு, நீட்டிப்புக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே மறுத்துவிடுவார்கள். மகனின் வயதையும் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளுக்குக் காப்பகங்களில் வயது வரம்பு உண்டு. பல தாய்மார்களுக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

அடுத்தது வழக்கு. இது இல்லாமல் வீடு தேடுவது ஒற்றைக் கையால் பாரம் தூக்குவது மாதிரி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) என்றால் கணவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வீடு, பணம், பாதுகாப்பு பற்றிய சட்டம். 17-ஆவது பிரிவு கணவர் வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘அங்கே திரும்பிப் போகிற எண்ணமே இல்லையே’ என்பீர்கள். சரி, போக வேண்டாம். 19-ஆவது பிரிவின்படி, அதே தரத்தில் வேறு வீடு ஏற்பாடு செய்யவோ அதற்கு வாடகை கொடுக்கவோ கணவருக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். கூடவே 20-ஆவது பிரிவில் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மாதச் செலவு. அவர் கொடுக்காமல் இழுத்தடித்தால், சம்பளம் தரும் நிறுவனமே நேரடியாக உங்களுக்குக் கட்டும்படி உத்தரவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வழக்குக்காகத் தேனிக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடும்ப வன்முறை அறிக்கையை அவர்தான் தயார் செய்வார், காசு கிடையாது. வக்கீலுக்கு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதே தகுதி, வருமானச் சான்று தேவையில்லை. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அதனால்தான் முதல் நாளே 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். மனுவில் தொடர்பு முகவரியாகக் காப்பகத்தையோ புது வீட்டையோ எழுதாமல் இருக்க என்ன வழி என்று வக்கீலிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இப்போது வீடு. ‘வீட்டுக்காரர் எங்கே?’ என்று வீட்டுக்காரர் கேட்பார். கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை, பொய்யும் வேண்டாம். பொய் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு நாள் உடைந்துவிடும். ‘பிரிந்து இருக்கிறோம், கேஸ் நடக்கிறது, நான் இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன்’, அவ்வளவு போதும். தரகரை விட, கூட வேலை செய்யும் பெண்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் காலியிடம் விசாரிப்பது பலன் தரும். இரவு ஷிப்ட் முடிந்து வர நேர்ந்தால் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இருக்கும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அதுவே வழிவிடுகிறது. ஆகவே பேரம்தான். ஆனால் ஒப்பந்தம் உங்கள் பெயரில், எழுத்தில் இருக்கட்டும். பின்னால் முகவரிச் சான்றுக்கு உதவும்.

குடிபோகும் முன் இன்னொன்று. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பழைய எண், அதாவது கணவர் கையில் இருக்கும் எண், இணைந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். போனில் அவர் போட்டுக் கொடுத்த ஜிமெயில் இருந்தால் அதையும் நீக்குங்கள். நீங்கள் இருக்கும் இடத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிடலாம். பள்ளிக்கு டி.சி. வாங்க ஊருக்குப் போகாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமானது என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. கம்பெனியில் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தால் அட்டையில் பிள்ளைகள் பெயரைச் சேருங்கள்.

கவுன்சலிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். காப்பகத்தில் சுற்றி ஆள் இருந்ததால் வராத பயமும் அழுகையும் தனி வீட்டில் முதல் சில வாரங்களில் வரும். ‘திரும்பிப் போய்விடலாமா’ என்று தோன்றுவதும் அப்போதுதான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்டத்தின் சகி மையத்தில் ஆலோசகர் உண்டு. காப்பகத்தில் இருந்தவர்தானே என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். காலி செய்யும் முன்பே ஒருமுறை நேரில் போய், மாதம் இரண்டு தடவை வருவதாகத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். கணவர் வந்து கதவைத் தட்டிவிட்டால் யோசிக்காமல் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.